கடைசி வீட்டுக்குப் போனவர்

சலூனின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே வந்தவள், தோள் பையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தாள். சுழல் நாற்காலி இல்லை. கண்ணாடி இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு. அதற்குக் கீழே சுண்ணாம்பு உப்பி உதிர்ந்திருந்தது. ஓரத்தில் போட்டிருந்த தையல் மெஷினில் ஒரு பெண் பள்ளிச் சீருடைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

“சலூன்காரர் இல்லீங்களா?”

அந்தப் பெண் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். “நீங்கதானா அந்த மழைக்கார மேடம்?”

போன வாரம் சலூன்காரரின் நம்பருக்கு அடித்தபோது, “வாங்க, கடைக்கே வாங்க” என்று மட்டும் சொன்ன அதே குரல்.

“வெள்ளத்துல போயிட்டாரு. பதினாலு மாசமாச்சு. போன்ல சொல்ல வாய் வரல.”

அவள் ஷட்டரின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு யாரும் சொல்லாமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மழை அளக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். ஒரு மாதத்து மழை ஒரே முற்பகலில் கொட்டித் தீர்ப்பதை முதலில் தாளில் பார்த்தாள். எழுதி மேலே அனுப்பினாள். மேலே போனது மேலேயே இருந்தது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பினாள். “ஊருக்கெல்லாம் குடை பிடிக்கப் போறாளாம்” என்று அவள் அக்கா இன்றுவரை சிரிக்கிறாள். எந்த ஊரிலும் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, டீக்காக வந்தவர்கள் பாதி. பூமி சூடாகிறது என்றால் கொட்டாவி விடுவார்கள். அதனால் வரைபடங்களைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கப் பழகியிருந்தாள்: தண்ணி வந்தா உங்க தெருவுல எழுந்து நடக்க முடியாதவங்க யாரு?

மூன்று வருடத்துக்கு முன் இந்த ஊரில் அதைக் கேட்டபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கடைக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சவரம் செய்கிறவர். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று நின்ற இடத்திலேயே வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கூட்டம் வாயைப் பிளந்தது. அன்றைக்கே பத்துப் பேர் கொண்ட குழு உருவானது. அதன் பிறகு அவள் போன ஊரிலெல்லாம் சலூன்காரரின் கதையைச் சொன்னாள். தூங்குகிற கூட்டமும் அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும். போன வாரம்கூட, ஒரு மலையூரில், “போய்ப் பாருங்க, அந்த மனுஷன் இன்னும் அங்கதான் கத்திரியோட நிக்கிறாரு” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தாள்.

“என்ன நடந்துச்சும்மா?” என்று கேட்டாள்.

“விடியும்போதே ஆத்துக்கரை உடைஞ்சிருச்சு. மத்தியானத்துக்குள்ள இவரும் குழுக்காரங்களும் பதினோரு பேரைத் தூக்கிட்டு வந்து ஸ்கூல் மாடியில சேத்துட்டாங்க. நானும் அங்கதான் இருந்தேன். அப்புறம்தான் கடைசி வீட்டு மெக்கானிக் ஞாபகம் வந்துச்சு இவருக்கு. பக்கவாதம் வந்து கெடந்தவரு. மக நைட் ஷிப்டுக்குப் போனவ திரும்பல. தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு, போகாதீங்கன்னு சட்டையப் புடிச்சேன்.” மடியிலிருந்த சீருடையை அவள் நீவி விட்டாள். “அவரைப் பரண்ல ஏத்திட்டாரு. இவரு ஏறுறதுக்குள்ள சுவர் விழுந்துருச்சு. மெக்கானிக்க சாயங்காலமே படகுல கொண்டாந்தாங்க. இவரு கெடைக்க ரெண்டு நாளாச்சு.”

“நான்தான் அவரை...”

“அதுக்கா ஒங்கள வரச்சொன்னேன்?” குரல் சட்டென்று உயர்ந்து தணிந்தது. “நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு வீட்டுக்கு வந்து, எனக்குக் கைதட்டினாங்கடீன்னாரு. அவருக்கு அதுக்கு முன்னாடி யாரு தட்டியிருக்காங்க? என்ன பேசினீங்கன்னு கேட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல. நீங்க சொல்லுங்க.”

நாற்பது ஊரில் சொன்ன கதை. மெல்ல ஆரம்பித்தாள். வீடுகளைச் சொன்னாள், அவர் விரல் விட்டு எண்ணியதைச் சொன்னாள். ஒவ்வொரு ஊரிலும் சிரிப்பு எழும் இடம் வந்ததும் நிறுத்தினாள்.

“சொல்லுங்க.”

“படுக்கையில இருக்கறவங்க எட்டுப் பேரு, காது கேக்காதவங்க நாலு பேருன்னாரு. அப்புறம்... பொண்டாட்டி சொன்னா மட்டும் காது கேக்காதவன் ஒருத்தன், அது நான்தான்னு சொன்னாரு.”

அந்தப் பெண் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். தோள் குலுங்குவது நிற்கவில்லை, சிரிப்புதான் எங்கோ நின்றுபோயிருந்தது.

“அன்னைக்கும் கேக்கலயே” என்றாள்.

கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது. மேடம் வருவதாக இந்தப் பெண் சொன்னதும், குழுவில் மீதி இருந்த ஒன்பது பேர் ஏற்பாடு செய்த கூட்டம். “வழி காட்டறேன், வாங்க. நான் உள்ள வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஷட்டரை இழுத்து மூடினாள். இருவரும் வெயிலில் நடந்தார்கள். தெருக்கோடியில் புதுச் செங்கல் சுவர் எழுப்பிய வீட்டு வாசலில், சக்கர நாற்காலியில் ஒரு மனிதர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. இவர்களைக் கண்டதும் இடது கையைத் தூக்கினார். கோணிய வாயிலிருந்து சத்தம் வந்தது. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, வார்த்தையாக மட்டும் ஆகாமல்.

“தினமும் நான் போறப்ப இதையேதான் சொல்றாரு” என்றாள் சலூன்காரர் மனைவி தாழ்ந்த குரலில். “கடைசியா எங்க வீட்டுக்காரர் கூட இருந்தது இவருதானே. அவர் ஏதோ சொல்லியிருப்பாரு போல. அவங்க மகளுக்கே புரியல.”

தூரத்தில் கூட்ட அரங்கிலிருந்து யாரோ மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ” என்றார்கள். அந்தப் பெண் நகரவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி, அந்தச் சத்தம் முடியும்வரை நின்றாள். அவர் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மழைக்கார மேடமும் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் நின்றாள்.