அன்னத்தின் கழுத்து

என் கணவர் சந்தானம் காலமாகி, வருகிற மாசியோடு ஒரு வருடம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவர் தங்கமான மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாற்பத்தைந்து வருடம் கூடவே குடித்தனம் நடத்திய எனக்கல்லவா தெரியும், அவர் எவ்வளவு பெரிய பிடிவாதக்காரர் என்று! மோதிர விஷயம் ஒன்றே போதும்.

எங்கள் நிச்சயதார்த்தம் 1979 தை மாதம். மாப்பிள்ளை மோதிரத்துக்கென்று என் அப்பா தங்கத்தைக் கொடுத்து, உங்களுக்குப் பிடித்த மாதிரி செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இவர் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன். பாலமும் மதகும் வரைகிற கை சும்மா இருக்குமா? தானே ஒரு பறவையை வரைந்து, சிவாஜிநகரில் பெருமாள்சாமி என்கிற செதுக்கு வேலைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். மோதிரத்தின் முகப்பில் பறவை மட்டும் மேலே எழும்பி நிற்கும்படி, சுற்றியிருக்கிற தங்கத்தை உளியால் வெட்டி எடுத்துவிடுகிற புடைப்பு வேலை அது.

நிச்சயத்தன்று தாம்பூலம் வாங்கக் கை நீட்டினார். மோதிரம் என் கண்ணில் பட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு அன்றும் தெரியாது.

"வாத்தா?" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அன்னம்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்ட பேச்சு மொத்தமும் இந்த இரண்டு வார்த்தைதான்.

அன்றைக்குப் பிடித்த சண்டை விடவே இல்லை. காபி ஆறிவிட்டது என்று அவர் சொன்னால், வாத்து போட்ட கைக்கு ஆறின காபி போதும் என்பேன். பிற்காலத்தில் ஒருமுறை, மல்லேஸ்வரத்தில் அடுத்த வீட்டுக் கன்னடக்கார மாமியைக் கூப்பிட்டு மத்தியஸ்தம் கேட்டார். அவள் மோதிரத்தை வாங்கிப் பார்த்து, "பாதுகோளி அல்வா?" என்றாள். கன்னடத்திலும் வாத்துதான். பிள்ளை அஷ்வத் என் பக்கம். அவன் கல்யாணமாகி மருமகள் ஸ்ரீலக்ஷ்மி வந்த முதல் வாரமே, அவளிடமும் விரலை நீட்டினார். அவள் பயந்துகொண்டே, "வாத்து மாதிரி இருக்குப்பா" என்றாள். இவர் இரண்டு நாள் அவளிடம் ரசம் நன்றாக இல்லை என்று சொல்லிப் பழி தீர்த்துக்கொண்டார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்கள். பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் கட்டைவிரலால் மோதிரத்தைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அது அவருடைய பழைய வழக்கம். தேய்த்துத் தேய்த்தே பறவை மழுங்கிப்போயிருந்தது.

"கோமளம், இப்பவாவது சொல்லேன். என்ன பட்சி இது?"

என் நாக்கு இருக்கிறதே, அதற்கு இடம் பொருள் ஏவல் தெரியாது. "வாத்து" என்றேன். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் என்னோடு பேச அவருக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஒரு வார்த்தை. அன்னம் என்று சொல்லியிருந்தால் என் சொத்தா குறைந்துபோயிருக்கும்? தான் ஜெயித்துவிட்டோம் என்கிற நிம்மதியோடு அவரை அனுப்பியிருக்கலாம். இந்த ஒரு வருடமாகச் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே நினைப்பு, படுத்தாலும் அதே நினைப்பு. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். வருஷாப்திகத் திதிக்குள் அந்த மோதிரத்தைப் புதிதாக வெட்டக் கொடுத்து, பார்த்தவுடன் அன்னம் என்று சொல்லும்படி செய்து, என் விரலில் போட்டுக்கொண்டு அவர் படத்துக்கு முன்னால் நின்று, "அன்னம்தான், நீங்கதான் ஜெயிச்சேள்" என்று சொல்லிவிட வேண்டும்.

"இங்கேயே எட்டாவது கிராஸ் நகைக்கடைல குடுக்கலாமேம்மா" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. வேண்டாம் என்றேன். மோதிரம் வந்த பழைய டப்பாவின் மூடியில் கடை விலாசம் இருந்தது. பஸ் பிடித்துச் சிவாஜிநகரில் இறங்கி, கோழிக் கூண்டுகளையும் துணி மூட்டைகளையும் தாண்டி, நாலு பேரிடம் கேட்டு, செங்குத்தான ஒரு மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறினேன்.

பெருமாள்சாமி காலமாகிப் பல வருடமாம். அவர் மகன் முனிராஜ் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரக்கில் பதித்த ஒரு மோதிரத்தில் சிங்கத்தின் பிடரியை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் ஏழெட்டு மோதிரங்கள் காத்திருந்தன. இந்தக் காலத்துப் பையன்களுக்குச் சிங்கம்தான் வேண்டுமாம். போனில் படம் அனுப்பிவிட்டு அவசரப்படுத்துகிறார்களாம்.

என் மோதிரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது எங்க அப்பா கை வேலை ஆச்சே! எங்க கெடச்சுதும்மா?"

"எங்காத்துக்காரரோடது. அவர் போயிட்டார். இதுல அன்னம் நன்னா தெரியறாப்பல திரும்ப வெட்டித் தரணும். சின்னக் குழந்தைகூட இதை வாத்துன்னு சொல்லப்படாது."

அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வாத்துன்னா அடுத்த வாரமே குடுத்துடுவேன்மா. அன்னம் வராது."

"ஏன் வராது?"

"இது எடுக்குற வேலைம்மா, சேக்குற வேலை இல்ல. சுத்தி இருக்குற தங்கத்த எடுத்தா நடுவுல பறவை நிக்கும். இதுல கழுத்து நிக்க வேண்டிய எடத்துல தங்கமே இல்லியே."

"தேஞ்சு போச்சா?"

"தேஞ்சா வழவழன்னு இருக்கும். இங்க உளி போன தடம் இருக்குது பாருங்க. யாரோ வெட்டி எடுத்திருக்குறாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நடுவில் ஒருமுறை, விரல் பெருத்துவிட்டது, மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று இவர் இதே கடைக்குக் கொண்டுவந்தது ஞாபகம் வந்தது.

"யாரோ இல்லை, உங்கப்பாதான்! நம்பிக் குடுத்த மோதிரத்துல கழுத்தைத் திருடி வாத்தாக்கிட்டு, எங்காத்துக்காரரை ஆயுசு முழுக்க என்கிட்டப் பேச்சு வாங்க வெச்சுட்டேளே!" என்று கத்தினேன். எதிர் அறைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

முனிராஜ் கோபப்படவில்லை. "கலாட்டா வேணாம்மா. சார் பேர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் கை அப்படியே நின்றது. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து இரும்பு அலமாரியிலிருந்து இரண்டு நீள நோட்டுகளை எடுத்து வந்தார்.

வேலை முடிந்த ஒவ்வொரு மோதிரத்தையும் மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, நோட்டில் ஒற்றி எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கமாம். எழும்பி நிற்கிற இடம் மட்டும் கறுப்பாகப் பதியும். முதல் நோட்டில் 1979 பக்கத்தைத் திறந்து காட்டினார். கட்டைவிரல் நகத்தளவு ஒரு கறுப்புப் பறவை.

அன்னம். சந்தேகமே இல்லை. மார்போடு ஒட்டி வளைந்து எழுந்து, ஒயிலாகத் திரும்பிப் பார்க்கிற கழுத்து. இதையா வாத்து என்றேன்? அன்று ஒரு நொடி பார்த்துவிட்டு வாயை விட்டேன். அப்புறம் சொன்னதைக் காப்பாற்றுவதற்காகவே பார்த்தேனே ஒழிய, பறவையை நான் பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

முனிராஜ் இரண்டாவது நோட்டைத் திறந்தார். 1994, ஆவணி. அதே மோதிரம், அதே உடம்பு, அதே சிறகு. கழுத்தைக் காணோம். குட்டையாகத் தலை, தட்டையாக அலகு. அசல் வாத்து. அதன் கீழே, மேப்பில் ஊர்ப் பெயர் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக, நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடிக்கிற எழுத்தில் ஒரு வரி: 'அன்னத்தின் கழுத்தைப் பெற்றுக்கொண்டேன். சந்தானம்.'

"வெட்டின தங்கப் பொடிய பொட்டலம் கட்டிக் குடுத்தப்ப சார் எழுதுனது" என்றார் முனிராஜ். "வெட்டுனது எங்கப்பா இல்லம்மா, நான்தான். சார் வந்து, இத வாத்தா மாத்திக் குடுன்னாரு. எங்கப்பா செம பேஜார் ஆயிட்டாரு. நான் செஞ்ச அன்னத்த நானே வெட்டுவனா, போய்யான்னுட்டாரு. சார் படிக்கட்டுலயே உக்காந்துக்கினாரு. நான் போயி, ஏன் சார், நல்லாத்தான கீதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

முனிராஜ் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு அஞ்சு மாசம் ஆச்சுப்பா. என் சம்சாரத்துக்கு இத வாத்துன்னு சொல்லிச் சிரிக்கப் புடிக்கும். இப்ப சொல்றதில்ல. நீ கழுத்த எடுத்துடு, மிச்சத்த அவ பாத்துப்பா அப்படின்னாரு. வெளிய சொல்லாதன்னும் சொன்னாரு. முப்பது வருசமா சொல்லல."

அந்த வருடம் பங்குனியில் என் அப்பா போய்விட்டார். நான் சமைத்தேன், துவைத்தேன், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் ஒருநாள் இலையில் சாம்பார் ஊற்றுகிறபோது அவர் கை முன்னால் வந்தது. வேண்டுமென்றே நீட்டினார் என்று இப்போதல்லவா புரிகிறது! நான் பார்த்துவிட்டு, "ஏன்னா, இது இன்னிக்கு அச்சு அசலா வாத்தாவே இருக்கே" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன், கடைசியில் அழுதேன். அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "அன்னம்டி! மின்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டு!" என்று அரை மணி நேரம் சண்டை போட்டார். கழுத்தை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர்!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் உதடு அசைந்ததே, அது தோற்றுப்போனவர் உதடு இல்லை. நான் வாத்து என்று சொல்லுகிறேனா என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டார். சொல்லிவிட்டேன். நல்லவேளை, சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் கடையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். முனிராஜ் கீழே குரல் கொடுத்து டீ வரவழைத்தார்.

"உங்கப்பாவை அப்படிப் பேசியிருக்கப்படாது" என்றேன்.

"பர்வால்லம்மா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "ஒண்ணு பண்ணலாம். இப்ப லேசர் வந்துக்குது. அந்த எடத்துல புதுசா தங்கம் வெச்சு ஒட்டி, அப்பா அச்சப் பாத்து நானே கழுத்து வெட்டித் தரேன். அன்னம் வந்துடும்."

வந்தது அதற்குத்தானே? ஆனாலும் இரண்டாவது நோட்டிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"வேண்டாம். அவர் எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். வாத்தே வெட்டுங்கோ. நன்னா, கொழுகொழுன்னு."

அடுத்த வாரம் நானே போய் வாங்கி வந்தேன். அலகு, சிறகு, வால் எல்லாம் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக எழும்பி நின்றது. என் மற்ற விரல்களுக்கு அது பெரிது, கட்டைவிரலில்தான் நின்றது.

ஸ்ரீலக்ஷ்மி கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "அம்மா, எவ்வளவு நன்னா வந்திருக்கு! வாத்து அப்படியே நடந்து வர்ற மாதிரி இருக்கு."

நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"வாத்தா? போய்க் கண்ணாடி போட்டுண்டு வந்து பாருடி. அன்னம்!"