வாரிசுச் சான்றில் இல்லாதவள்

1

இந்தக் கதை ஒரு வக்கீல் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. உள்ளொளி, உந்துதல் என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்றப் போவதில்லை. கேள்விக்குப் பொய்யாகப் பதில் சொன்னேன். அந்தப் பொய்யையே நல்ல தமிழில் எழுதிவிட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்து இப்படி ஆரம்பித்தேன்:

“கடலூர் முதுநகரில் அருள்முருகனுக்கு ஒரு வீடு இருந்தது. அப்பா காத்தவராயன் கட்டியது. ஒரே பிள்ளையான அவன்

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. என்னால் முடிக்க முடியவில்லை. அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

வீட்டை விற்கிறவனுக்கு எதற்கு வக்கீல் என்றுதான் எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். வக்கீல் வைப்பது வாங்குகிறவர் பாடு. விற்கிறவன் பத்திரம் எழுதுகிறவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதிவு அலுவலக வாசலில் டீ குடித்துவிட்டு வருவான். அருள்முருகனும் அப்படிச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆனால் வீட்டை வாங்க வந்த ஹிதாயத்துல்லா கறாரான மனிதர். மஸ்கட்டில் இருபது வருஷம் உழைத்துவிட்டு வந்தவர். என் வக்கீல் பார்ப்பது இருக்கட்டும், உங்கள் பக்கமும் ஒருவர் பார்த்துக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் அருள்முருகன் சிதம்பரம் தெற்கு வீதியில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த சிந்துஜா என்ற வக்கீலை அமர்த்தினான். [இந்த இடத்தில் அவருடைய கண்களைப் பற்றி இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். அவர் பார்த்தது காகிதத்தை மட்டும்தான்.]

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. கட்டின் அடியில் பழைய ரேஷன் கார்டின் நகல் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வாரிசுச் சான்றில் ஒரு பெயர். ரேஷன் கார்டில் நான்கு. அப்பா, அம்மா, மகன் போக ஒன்று மிச்சம் இருந்தது.

“தைலம்மாள்னு இருக்கே, யாரு சார்?”

“அக்கா. செத்துப்போச்சு.”

“எப்ப?”

3

போதும். அருள்முருகன் என்று யாரும் இல்லை. நான்தான். என் பெயர் அன்பரசு.

அன்றைக்கென்று முளைத்த பொய் இல்லை அது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அக்கா, ஜெராக்ஸ் கடையில் கூட வேலை பார்த்த கார்த்திகேசனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. அப்பா எங்களைக் கெடிலம் ஆற்றுக்குக் கூட்டிப்போய், சாவுக்கு முழுகுகிற மாதிரி தலை முழுக வைத்தார். அம்மா புடவையைப் பிழிந்துகொண்டே அழுதாள்.* அன்றிலிருந்து யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை. சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அம்மா போய், மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவும் போய், வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டபோதும் அதே வாய்தான் பேசியது.

(* அம்மா அழுதது உண்மை. நான் அழுதேனா என்று ஞாபகம் இல்லை. இரண்டு வரைவுகளில் என்னை அழவிட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

சிந்துஜா பேனாவை மூடிவைத்தார். அக்கா இறந்திருந்தால் சான்று வேண்டும், உயிரோடு இருந்தால் கையெழுத்து வேண்டும், வீட்டில் சரிபாதி அவருடையது என்றார். “நான் உங்களுக்குத்தான் சார் வக்கீல். அதனாலதான் சொல்றேன். நாளைக்கு அவுங்க கேஸ் போட்டா, பொய் சொன்னதுக்குக் கூண்டுல நிக்கப்போறது நீங்கதான்.”

எனக்கு அந்தப் பாதியும் வேண்டும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சிதம்பரத்தில் இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டை விற்றுத்தான் எனக்கும் மனைவிக்கும் கடைசிக் காலத்துக்கு ஒரு வீடு. பாதியை வைத்துக்கொண்டு அரை வீடுதான் வாங்கலாம். அரை வீட்டை யாரும் விற்பதில்லை.

4

முடிவு ஒன்று: கார்த்திகேசனின் ஊரான கம்மாபுரத்தில் அக்கா கதவைத் திறக்கிறாள். “வாடா” என்கிறாள். அழுகிறாள். பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறாள். [உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. அக்காக்களை இப்படி எழுதி எழுதியே அவர்களிடம் இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டோம்.]

முடிவு இரண்டு: கேள்வி கேட்காத வேறு வக்கீல் கிடைக்கிறார். பத்திரம் பதிவாகிறது. ஹிதாயத்துல்லா குடும்பத்தோடு குடிவருகிறார். ஒரு நாள் தபாலில் சம்மன்

[இதுவும் பாதியில் நிற்கிறது.]

5

நடந்தது இது. போன செவ்வாய்க்கிழமை விருத்தாசலம் பஸ்ஸில் ஏறிக் கம்மாபுரத்தில் இறங்கினேன். கார்த்திகேசன் பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள். அவர் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த பெண்ணுக்கு அக்காவின் முகம். பெயர் சுவேதா. இருபத்திரண்டு வயது. ஒரே மகள்.

அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது. மார்பில் கட்டி.

நான் யார் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “உக்காருங்க மாமா” என்றாள். தாய்மாமன் என்ற உரிமையில் என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

“கெடிலத்துல தலை முழுகுனதெல்லாம் அம்மா சொல்லும். சிரிச்சிக்கிட்டேதான் சொல்லும். எனக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனப்ப உங்களுக்குன்னு ஒரு சேர் போட்டு வெச்சுது மாமா. சாயந்தரம் வரைக்கும் அதுல யாரையும் உக்கார வுடல.”

வீட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இறப்புச் சான்றின் நகல் மட்டும் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்து, மழை வரும்போல இருக்கிறது என்று பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில், சொன்ன பொய் உண்மையாகிவிட்டதே என்று ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. அந்த நிம்மதிக்காக என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

6

நேற்று சிந்துஜாவுக்குப் போன் செய்து, சான்று கிடைத்துவிட்டது என்றேன். தேதியைக் கேட்டார். அப்பாவுக்குப் பிறகுதான் அக்கா இறந்திருக்கிறார், அதனால் அக்காவின் பங்கு நிற்கும் என்றார்.

“பிள்ளைங்க இல்லன்னா, அப்பா வழியில வந்த பங்கு திரும்ப உங்களுக்கே வந்துரும் சார். இருந்தா பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் போவும். இருக்குதா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இறப்புச் சான்றில் பிள்ளைகள் பெயர் இருப்பதில்லை. என் கதையிலும் ஐந்தாம் பகுதியை எடுத்துவிட்டால் சுவேதா இல்லை. இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் திரும்பப் போட்டேன். எனக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூன்றாம் தடவை என்ன செய்வேன் என்று தெரியாமல்தான், அதற்குள் உங்களிடம் கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. தெற்கு வீதி, மாடி. சிந்துஜாவின் மேஜைக்கு எதிரே இரண்டு சேர் போட்டிருக்கும். ஒன்றில் நான் இருப்பேன். அவர் மறுபடியும் கேட்பார். பிள்ளை இல்லை என்று நான் சொன்னால், அவள் பெயர் உங்களுக்குத் தெரியும்.