கரி தோய்க்காத கம்பு

திருவிழாவில் எங்கள் சாக்கோட்டைச் சிலம்பக் குழுவுக்கும் சிங்கம்புணரிக் குழுவுக்கும் போட்டி. கம்பின் நுனியை எண்ணெயில் குழைத்த கரியில் தோய்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். எதிராளி உடம்பில் விழும் கரிதான் புள்ளி. நெற்றியில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பட்டவன் கம்பைக் கீழே போட வேண்டும்.

நான் தோய்க்கவில்லை. எனக்குப் புள்ளி வேண்டாம்.

எதிரே முகேஷ். போன தை மாதம் ஆத்தங்குடி சாலையில் என் மனைவி சத்தியப்பிரியாவை பைக்கில் இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனவன். இப்போது ஜாமீனில் இருக்கிறான். அன்று அவள் சிலம்பப் பயிற்சி முடிந்து வந்துகொண்டிருந்தாள். அவள் கம்புதான் என் கையில் இருந்தது.

அடுத்த ஆட்டம் அவள் தங்கை மாரீஸ்வரியுடையது. கரி தோய்த்த கம்போடு கோட்டுக்கு வெளியே நின்றவள் என் கம்பைப் பார்த்தாள்.

"மச்சான், கரி தொடலையா?"

"இல்ல."

"அவனக் கொல்லவா போறீக? நம்ம பிள்ளைக பூராம் பாக்குதுக. இங்குட்டு வந்துருங்க."

சிங்கம்புணரிப் பக்கம் ஒருவன் கத்தினான்: "ஏலே முகேசு, சாக்கோட்டையில கரிக்குக்கூட வழியில்லையாம்டா!"

சிரிப்பு. முகேஷ் சிரிக்கவில்லை. என் கம்பின் நுனியையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அடிங்கண்ணே," என்றான் மெல்ல. "நடுவர்ட்ட சொல்லமாட்டேன்."

முதல் அடி முழங்காலில். இரண்டாவது தோள்பட்டையில், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் கம்பு விழுந்தது. விழுந்தவனை அடிக்கக் கூடாது. அடித்தேன். தாடை கோணியது. பல்லும் ரத்தமும் மண்ணில் விழுந்தன. நடுவர் ஓடிவந்தார். அவரைத் தள்ளிவிட்டு, முகேஷின் தலைக்கு நேரே கம்பை ஓங்கினேன்.

மாரீஸ்வரி நடுவில் பாய்ந்தாள். அடி அவள் வலது மணிக்கட்டில் இறங்கியது. கை துவண்டு தொங்கியது. இடது கையால் தன் கரிக் கம்பை நீட்டி என் நெற்றியில் குத்தினாள்.

"பட்டுருச்சு மச்சான். கம்பப் போடுங்க."

எண்ணெய்க் கரி மூக்கில் வழிந்தது. விரல்கள் தாமாகத் திறந்தன. கம்பு விழுந்தது.

முகேஷ் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"எவனாச்சும் வண்டிய எடுங்கடா!" என்று அவள் அலறினாள். "மொதல்ல இவனத் தூக்குங்க."

நான் அவன் காலைப் பிடிக்கக் குனிந்தேன்.

"நீங்க தொடாதீக."

கோட்டுக்கு வெளியே போய் நின்றேன்.