மாப்பிள்ளைப் பக்கம் திருப்பிய ஃபேன்

பின்வருவதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் கடிகாரத்தின் மேல் ஆணை. அது ஓடாமல் நின்ற நாட்களும் இந்தச் சத்தியத்துக்குள் அடக்கம். சாட்சி வேண்டுமென்றால் கேட்கலாம். சாட்சிகள் எல்லோரும் காலமாகிவிட்டது கதையின் குற்றம் அல்ல.

தனசிங்குக்குக் கண்ணில் தண்ணீர் வழியும். பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தார். காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், வண்டி சானடோரியம் தாண்டுமுன் இரண்டு கன்னமும் நனைந்துவிடும். வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று எதிர் சீட்டுக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பல்லாவரத்தில் ஏறும் பூக்காரி ஒருத்தி அவரைப் பார்த்துத் தானும் அழத் தொடங்கி, மாம்பலம்வரை அழுது, இறங்கிய கையோடு போய் ஆறு வருஷமாகப் பேசாத நாத்தனாரோடு சமாதானமானாள். அவர் உட்காரும் ஜன்னல் கட்டையில் ஈரம் காயாமல் ஓர் ஆலங்கன்று முளைத்தது. ரயில்வேக்காரர்கள் வந்து பிடுங்கினார்கள். இலை ஏழு.

நந்தியாவட்டைப் பூவை ஒற்றிப் பார்த்தார். பன்னீர் விட்டுப் பார்த்தார். விளக்கெண்ணெய் தடவி ஒரு வாரம் ஆபீஸில் எழுத்து தெரியாமல் டைப் அடித்தார். எதுவும் நிற்கவில்லை.

1964 மே மாதம், முடிச்சூரில் சுவிசேஷமுத்து வாத்தியார் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனார். பெண் ஞானசௌந்தரி, அவளும் டீச்சர். அதற்கு முன் இரண்டு பேர் வந்து, பலகாரம் சாப்பிட்டு, பெண் நிறம் கம்மி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவை மரியாதையில் குறை வரக்கூடாதென்று வாத்தியார் டேபிள் ஃபேனை மாப்பிள்ளைக்கு நேரே திருப்பி, அது தலையாட்டாதபடி பூட்டியும் விட்டார். மற்றவர்கள் வியர்த்து ஊற்ற, காற்று முழுவதும் தனசிங்கின் முகத்தில் அடித்தது. ஞானசௌந்தரி ஒரு கீர்த்தனை பாடினாள். முதல் சரணத்தில் தனசிங்கின் கைக்குட்டை நனைந்தது. இரண்டாவது சரணத்தில் சட்டைக் காலர். மூன்றாவது சரணத்தில் வாத்தியாரே மூக்கைச் சிந்தினார்.

அன்று மாலை அவள் அம்மாவிடம் சொன்னாளாம்: முதலில் வந்த இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள், இவர் பாட்டைக் கேட்டார். கட்டினால் இவரைத்தான்.

இந்த வார்த்தை தனசிங்கின் காதுக்கும் வந்தது. ஃபேன் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். கல்யாணத்துக்கு முன் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பின் தைரியம் கிடைக்கவில்லை.

ஒன்பது வருஷம் நன்றாகவே போனது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவள் பாடுவாள், இவருக்கு வழியும். சபையில் அவருக்குக் கண்ணீரின் ஜெபவீரர் என்று பெயர் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில்வரை எந்தக் கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தாலும் அவர் வராமல் பெட்டியை மூட மாட்டார்கள். வண்டலூரில் ஒரு கிழவர், தனசிங் வாசலில் நுழைந்ததைப் பார்த்துவிட்டு, இன்னும் சாகவில்லை என்று எழுந்து உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது.

1973இல் எரிச்சல் தாங்கவில்லை. கண்ணுக்குள் ஆற்று மணலைக் கொட்டி இமையை மூடியதுபோல் இருந்தது. ஞானசௌந்தரிதான் அவரை மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் தோத்தாத்ரியிடம் இழுத்துப் போனாள். டாக்டர், மையொற்றும் தாள் போன்ற ஒரு கீற்றின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகித் தொங்கவிட்டார். கீற்றில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தார்.

“பதினஞ்சு கோடாவது நனையணும். உங்களுக்கு மூணுதான் நனைஞ்சிருக்கு. கண்ணு வறண்டு கெடக்கு சார்.”

“டாக்டர், ஒரு நாளைக்கு நாலு கைக்குட்டை மாத்தறேன்.”

“அதான் வியாதி. சும்மா இருக்கறச்சே ஊற வேண்டிய ஈரம் ஊறலை. கண்ணு காஞ்சு எரியறது. எரிச்சல் தாங்காம ஒரேடியா கொட்டறது. கொட்டினது கண்ணுல தங்காம ஓடிடறது. மறுபடி காயறது.”

வைத்தியம் பெரிதாக இல்லை. இரண்டு மணிக்கொரு தரம் கஞ்சித்தண்ணீர்போல் கொழகொழவென்றிருந்த சொட்டு மருந்து. காலையும் மாலையும் வெந்நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் வைக்க வேண்டும். டைப் அடிக்கும்போது மறக்காமல் கண்ணைச் சிமிட்ட வேண்டும். ரயிலில் ஜன்னல் கூடாது.

“ஃபேனுக்கு நேரே உக்காராதீங்கோ. காத்து மூஞ்சில அடிச்சா கொடம் கொடமா கொட்டும். மனசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.”

பக்கத்து ஸ்டூலில் இவருடைய குடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஞானசௌந்தரி ஒன்றே ஒன்று கேட்டாள். “கல்யாணத்துக்கு முந்தியே இருந்திருக்குமா டாக்டர்?”

“ரொம்ப வருஷமா இருக்கும்மா.”

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

“என்னங்க, அன்னைக்கு எங்க வீட்ல ஃபேன் உங்க பக்கம்தானே இருந்துச்சு?”

“ஆமா.”

பெட்டிகள் போயின.

“நான் பாட ஆரம்பிச்ச அப்புறம் வந்துச்சா, முன்னாடியேவா?”

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் அதைவிடச் சுலபமான பொய் கிடையாது. தனசிங்குக்கு அந்த ஒரு பொய் வரவில்லை.

“கொஞ்சம் முன்னாடி” என்றார்.

“சரி வாங்க, கேட்டைத் தொறந்துட்டான்.”

அவ்வளவுதான். சண்டையில்லை, முகம் தூக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து அவளே சொட்டு விட்டாள். வெந்நீர்ச் சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியை அவர் இமையில் வைப்பாள். ஆனால் பாடவில்லை. சர்ச்சில்கூடப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்பாள்.

மூன்றே மாதத்தில் தனசிங்கின் கண் குணமாயிற்று; சொட்டு மட்டும் தொடர்ந்தது. ரயிலில் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. ஜெபத்தில் கன்னம் காய்ந்திருப்பதைப் பார்த்த சபையார், பிரதர் விசுவாசம் குளிர்ந்து பின்மாற்றத்தில் போய்விட்டார் என்று வருத்தப்பட்டு, சாவு வீடுகளுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் அரித்தது. ஃபேன் பாதி, பாட்டு பாதியாக இருந்திருக்கக்கூடாதா? ஃபேன் இல்லாமல் அவள் ஒருமுறை பாடினால் தெரிந்துவிடும். கேட்டபோதெல்லாம் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

1976இல் அவள் இருதய வால்வு பழுதாகிப் படுத்தாள். மாடிப்படி போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, கடைசியில் கட்டில்தான். ஒருநாள் சாயங்காலம் தனசிங் டாக்டர் தோத்தாத்ரியிடம் போய் நான்கு கீற்று கேட்டு வாங்கி வந்தார். ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். கீழிமையில் கீற்றைச் செருகிக்கொண்டு அவள் முன் உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு சரணம், சௌந்தரி.”

அவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கி வாங்கிப் பாடினாள். பாட்டில் பாதி காற்றுதான். ஐந்து நிமிஷம் ஆனதும் கையை நீட்டிக் கீற்றை வாங்கி, விடைத்தாள் திருத்துகிறவள்போல் கண்ணருகே வைத்து எண்ணினாள்.

“பதினெட்டு” என்றாள். முகம் அப்படியே மலர்ந்தது. தனசிங் மூன்று வருஷமாக அந்த முகத்துக்குத்தான் காத்திருந்தார்.

பிறகு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “சொட்டு எப்ப விட்டேன்?”

“ஆறு மணிக்கு.”

மணி ஆறு பத்து.

“அப்ப இது சொட்டுங்க” என்றாள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பிள்ளையிடம் சொல்வதுபோல, நோகாமல் சொன்னாள்.

மறுநாள் சொட்டில்லாமல் பார்க்கலாம் என்றார் அவர். மறுநாள் அவளுக்குக் குரல் இல்லை. பதினோராம் நாள் அவளும் இல்லை.

அந்தப் பதினோரு நாளும் தனசிங் சொட்டு விடவில்லை. கண் இரண்டும் அடுப்புத் தணலாகிவிட்டன. கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தது. வந்தவர்களுக்குப் புழுங்குகிறதென்று யாரோ போட்ட ஃபேனை அவரே எழுந்து போய் நிறுத்தினார். திரும்பி வந்து, அத்தனை பேர் நடுவில், கீற்றை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று கிசுகிசுத்தார்கள். அவள் கைக்கடிகாரத்தைத் தன் மணிக்கட்டில் கட்டியிருந்தார். அதில் ஐந்து நிமிஷம் பார்த்தார். பாட்டு எதுவும் கேட்கவில்லை.

கீற்றை எடுத்தபோது காய்ந்த இடமே இல்லை. கடைசிக் கோட்டையும் தாண்டி நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

அதை அவள் முகத்துக்கு நேரே, அவள் எண்ணுவதற்குத் தோதாகப் பிடித்தார்.

“முப்பத்தஞ்சு, சௌந்தரி” என்றார். அவள் கேட்டிருக்கக்கூடியதையும் யோசித்து, “சொட்டு விடலை” என்றார்.

பிறகு கீற்றை அவளுடைய பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தார். புத்தகத்தைப் பெட்டிக்குள் அவள் கையடியில் வைத்தார். மூடினார்கள்.

முடிச்சூரில் சுவிசேஷமுத்து வாத்தியாரின் தெருவுக்கு மின்சாரம் வந்தது 1967 ஆகஸ்டில், அந்த ஃபேன் காற்றடித்து மூன்று வருஷம் கழித்து.