மந்திரவாதியை விற்றவர்கள்

கெட்டவர்களாக விளையாடலாம் என்று முதலில் சொன்னவள் கெசியாதான். பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் பாட்டுக்குழுவில் முன்வரிசை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதே கெசியா மாடி அறையில் மூன்று பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு ஊரைக் கொளுத்துவாள். அவள் கதை சொல்வாள். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் போட்டு, தாங்கள் என்ன செய்வோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள டைஸ் சொல்லும். பிரசன்னா கொள்ளைக்காரன், சினேகா விஷம் வைப்பவள், ஜெபின் மந்திரவாதி. நிஜத்தில் மூவருமே ஆட்டோக்காரரிடம் பேரம் பேசக் கூச்சப்படுகிற ஜாதி.

அப்படிப்பட்டவர்கள் ஒரு நிஜமான கொடுமையைச் செய்தார்கள். ஜூன் மாதத்தில் ஜெபின் மூன்று ஞாயிறு வரவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. வராதவனின் மந்திரவாதியை என்ன செய்வது? கெட்டவர் கூட்டம்தானே, விற்றுவிடலாம் என்றான் பிரசன்னா. சந்தையில் மந்திரவாதியைக் கொடுத்துவிட்டு ஒரு கழுதையை வாங்கினார்கள். கழுதைக்கு ஜெபின் என்றே பெயர் வைத்தார்கள். "உன் இடத்துக்கு வந்தவன் உன்னைவிட நல்லா உழைக்கிறான்" என்று கெசியா வாட்ஸப்பில் ஒரு செய்தியும் போட்டாள். அந்த நேரத்தில் ஜெபின், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோன தன் அப்பா சவுரிமுத்துவைத் தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துகொண்டிருந்தான்.

விஷயம் தெரியப் பத்து நாள் ஆயிற்று. மூவரும் பள்ளிக்கரணையில் இருந்த ஜெபின் வீட்டுக்கு ஓடினார்கள். ஜெபின் கதவைத் திறந்தான், உட்காரச் சொன்னான், காபி கொடுத்தான். "பரவால்ல, விளையாட்டுதானே" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கெசியா அன்றைக்கே தூங்கியிருப்பாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் வரவில்லை.

இந்த ஞாயிறு வந்தான். ஒரு நாள் பார்க்கலாம் என்று வந்தவனைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மந்திரவாதி சந்தையிலிருந்து தப்பி வந்ததாகக் கெசியா கதையை எப்போதோ திருத்தி வைத்திருந்தாள். அடுத்த வாரமும் இவன் வர வேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கெட்டவர் ஆட்டத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடங்குவதற்கு முன் ஆளுக்கொரு சீட்டில், கதையில் எது வரவே கூடாது என்று பெயர் போடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். கெசியா பிரித்தாள். ஒன்றில் பல்லி. ஒன்றில், நாய்க்கு எதுவும் ஆகக் கூடாது. மூன்றாவதில், "யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது." பெயர் இல்லாவிட்டால் என்ன, ஜெபினின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

கதை நோட்டைத் திருப்பினாள். இன்றைக்கு எழுதி வைத்திருந்தது அணைக்கட்டுச் சுரங்கம். மதகுச் சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொண்டே நின்றால்தான் மற்றவர்கள் வெளியேற முடியும். பிடித்தவர் உள்ளே மாட்டிக்கொள்வார். யாரைப் பலி கொடுப்பது என்று மூவரும் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கலாம் என்று என்றைக்கோ போட்ட கணக்கு.

"இன்னைக்கு வேற வழியா போலாமே" என்றாள்.

"எதுக்கு? திருடின கிரீடம் கைல கீது, வெளிய போற வழி இதான்" என்று பிரசன்னா டைஸை உருட்டிவிட்டான். இருபது. சுரங்கக் கதவு திறந்துகொண்டது. உருட்டியதை மாற்றுவதில்லை என்பது அவளே போட்ட சட்டம். வேறு வழியில்லாமல், எழுதியிருந்ததை வாசித்தாள்.

ஜெபின்தான் சிரித்தபடி சொன்னான். "நான் புடிச்சுக்கறேன், நீங்க போங்க. எப்படியும் விட்டுட்டுத்தானே போவீங்க."

சினேகா தலை குனிந்துகொண்டாள். பிரசன்னா தன் கொள்ளைக்காரனின் சொத்தெல்லாம் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தான். அந்தக் கிரீடத்துக்காக ஏழு மாதம் விளையாடியிருந்தார்கள்.

"மச்சான், நாங்க கெட்டவனுங்க. நீ சொன்னா கேப்போமா?" என்றான். "கிரீடத்தை அந்தச் சக்கரத்துப் பல்லுல சொருவுறேன்."

"நொறுங்கிடும்டா" என்றாள் சினேகா.

"நொறுங்கட்டும்."

"அப்ப நானும் சேர்ந்து அழுத்தறேன்."

பிரசன்னா டைஸை எடுக்கப் போனான். கெசியா அதன்மேல் கையை வைத்து மூடினாள். தும்முவதற்குக்கூட டைஸ் உருட்டச் சொல்கிறவள் அவள்.

"உருட்ட வேணாம். சக்கரம் நின்னுடுச்சு. மூணு பேரும் வெளிய வந்துட்டீங்க" என்றாள்.

ஜெபின் நாற்காலி நுனியிலிருந்து உள்ளே தள்ளி உட்கார்ந்தான்.

"அந்த மெசேஜ் வந்தப்போ குழிக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்" என்றான். "எடுத்துப் படிச்சேன். சிரிப்பு வந்துடுச்சு, கெசியா. சத்தமா சிரிச்சுட்டேன். சித்தப்பா திரும்பிப் பார்த்தாரு. உங்க மேல கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்பாவை அங்க வெச்சுக்கிட்டு சிரிச்சவன் நான்தானே. அதான் வர முடியல."

மூன்று மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் கெசியாவுக்கு மறந்துபோயிற்று. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அப்பா அப்ப உன் பக்கத்துல நின்னிருந்தா என்னடா பண்ணியிருப்பாரு?"

"போனைப் புடுங்கிப் படிச்சிருப்பாரு."

"படிச்சுட்டு?"

ஜெபின் யோசித்தான். "என்னைவிடச் சத்தமா சிரிச்சிருப்பாரு" என்றான். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். கெசியா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

"அப்பாவைப் பத்திச் சொல்லுடா" என்றாள்.

அதற்குமேல் யாரும் விளையாடவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த சவுரிமுத்து வண்டலூரில் இறங்க வேண்டியவர் தூங்கிச் செங்கல்பட்டு வரை போய்வந்த கதைகளை ஜெபின் ஒவ்வொன்றாகச் சொன்னான். மற்ற மூவரும் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நாலு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள். சிரித்ததற்காக அங்கே யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.