பத்தியமில்லாமல் மெலிந்தவள்

மாயக்காள் கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் கிடக்க வேண்டிய கண்ணாடி வளையல்கள் வழுக்கி முழங்கை வரைக்கும் ஓடின.

"பாத்தீகளா அக்கா! போன மாசம் சோப்புப் போட்டாத்தான் கழலும். இப்பத் தானா ஓடுது!"

கடையில் நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். என் வீட்டுக்காரர் யூனுஸ், அவள் சதையைத் தன் கையாலேயே செதுக்கி எடுத்தவர் மாதிரி தாடியைத் தடவிக்கொண்டு, "பாத்தியா அஜ்மல், நம்ம மருந்து வேலையை?" என்று என் பக்கம் திரும்பினார். எனக்கோ அதை நம்ப முடியவில்லை.

எப்படி நம்புவேன்? அந்தப் பொடியை இடிக்கிறவள் நான்.

கீழமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் நாட்டு மருந்துக்கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. இருமல், செரியாமை, பிள்ளை பெற்றவளுக்கு மருந்து என்று மானமாகப் பிழைத்துக்கொண்டுதான் இருந்தோம். எமர்ஜென்சி முடிந்த மறுவருடம் இவருக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து, 'ஊளைச்சதைச் சூரணம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். என்ன பெரிய சூரணம்! கொள்ளு, சுக்கு, ஓமம், கடுக்காய், வயிறு இளகக் கொஞ்சம் நிலாவாரை. தின்றால் ஏப்பம் வரும், காலையில் வயிறு சுத்தமாகும். அதற்கு மேல் ஒரு எழவும் செய்யாது.

ஆனால் பொட்டலத்தோடு பத்தியம் ஒன்று சொல்வார். ராத்திரி சோறு கூடாது. இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம், கறி எதுவும் ஆகாது. விடிந்ததும் கால் கடுக்க நடக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவள் பொடிக்குப் பதிலாக அடுப்புச் சாம்பலைத் தின்றாலும் இளைக்கத்தான் செய்வாள். இளைத்தால் எங்கள் மருந்தின் மகிமை. இளைக்காவிட்டால், "பத்தியத்தை முறிச்சிட்டியேம்மா" என்று அவள் தலையிலேயே போட்டுவிடலாம். இதைச் சொல்லி நான் சிரித்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மாயக்காளுக்குக் காளவாசல் பக்கம் வீடு. புருசன் சிவனாண்டிக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. முதன்முதலில் அவள் வந்த அன்றைக்கு மருந்து என்னவென்றுகூடக் கேட்கவில்லை, கடைப்படியில் உட்கார்ந்து ஒரே அழுகை. நான்தான் உள்ளே கூட்டிப்போய் முகத்தைக் கழுவச் சொன்னேன்.

"'ஆனைக்குட்டியக் கூட்டிக்கிட்டு நாலு பேரு முன்னாடி போக வெக்கமா இருக்கு'ங்கிறாருக்கா. மாமியா உசிலம்பட்டிப் பக்கம் பொண்ணு பாத்துருச்சு. வார தைக்கு ரெண்டாங்கலியாணமாம். அதுக்குள்ள நான் எளைக்கலன்னா எம் பொழப்பு தெருவுக்கு வந்துரும்."

அந்தச் சிவனாண்டியை நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் போல் எனக்கு ஆத்திரம். அவளுக்கு வேண்டியது என் ஆத்திரமா? பொடிதானே. பொட்டலத்தைக் கொடுத்து, பத்தியத்தைச் சொல்லி அனுப்பினோம்.

இப்போது வளையல் ஓடுகிற கையோடு வந்து நிற்கிறாள். பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிப் போன பிறகு, அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"பத்தியம் நல்லா இருக்கியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான்க்கா அதிசயம். ஆரம்பத்துல கொஞ்ச நாள் இருந்தேன். அப்புறம் பசி தாங்க முடியல. இப்ப நெனச்ச நேரமெல்லாம் திங்கிறேன். ராத்திரியும் சோறுதான். நேத்துக்கூட ஒரு சட்டிக் கறியை வழிச்சுத் தின்னேன். அம்புட்டுத் தின்னும் எளைக்குதுக்கா! ஒங்க மருந்து அப்பேர்ப்பட்ட மருந்து!"

சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். ஒரு செம்பு கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டாள். அதையும் குடித்துவிட்டு, கூச்சத்தோடு என் பானையையே பார்த்தாள்.

அவள் போன பிறகும் அந்தப் பானைக்குப் பக்கத்திலேயே நின்றேன். பத்தியம் இல்லாமல் எங்கள் பொடியால் ஒரு ஈயைக்கூட இளைக்க வைக்க முடியாது. அப்படியானால் இவளை உள்ளே இருந்து கரைப்பது எது?

அவரிடம் சொன்னேன். அவரோ பெயிண்டரை வரச்சொல்லி, கடை வாசலில் போர்டு எழுதுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். மாயக்காளைப் பழைய போட்டோ ஒன்று கொண்டுவரச் சொல்ல வேண்டுமாம், புதிதாக ஒன்று எடுக்க வேண்டுமாம், இரண்டையும் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து தொங்கவிட வேண்டுமாம்.

"அவளுக்கு ஏதோ வியாதிங்க. டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க."

"வியாதிக்காரி இப்படிச் சிரிச்சுக்கிட்டா வருவா? ஒடம்பு எளைச்சிருச்சுன்னு எவளாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாளா? நல்லா இருக்கவளுக்குக் கண்ணு வைக்காதே."

"நம்ம பொடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். அவர் மேல் மட்டும் குற்றம் சொல்லி என்ன? அதற்கு மேல் பேச எனக்கும் வாய் வரவில்லை. கடைக்கு அப்படி ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது.

ஆனால் மனசு அடங்கினால்தானே. அடுத்த தடவை மாயக்காள் வந்தபோது அவர் தொழுகைக்குப் போயிருந்தார். நான் வெறும் பொரிகடலை மாவை எடுத்து, வாசனைக்கு ஒரு சிட்டிகை சுக்கைக் கலந்து கட்டிக்கொடுத்துவிட்டேன். இதைத் தின்றுவிட்டு அவள் பழையபடி ஊதிக்கொண்டு வந்து, "என்னக்கா மருந்து குடுத்தீக!" என்று என்னைக் கண்டபடி ஏச வேண்டும். ரப்பே, அவள் என்னை ஏசட்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டேன். அந்த மாதம் முழுக்கப் படியில் கொலுசுச் சத்தம் கேட்டாலே உலக்கையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். படி ஏறும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். புதுப்புடவை, தலை நிறைய மல்லிகை, முகம் கொள்ளாத பவுடர். அந்தப் பவுடருக்குக் கீழே கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. ஜாக்கெட் நிற்காமல் முதுகுப் பக்கம் வரிசையாக ஊக்குக் குத்தியிருந்தாள்.

"அக்கா, பொண்ணு பாத்ததை வேணாம்னுட்டாக!" என்றாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் சந்தோசத்தில் கண் மின்னியது. "போன வாரம் என்னைய அழகர்கோவிலுக்குக் கூட்டிப் போனாரு. கூட்டத்துல எங் கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தாரு. 'இப்பத்தான்டி நீ எனக்குப் பொண்டாட்டி மாதிரி இருக்கே'ன்னாரு. எல்லாம் நீங்க குடுத்த பொழப்புக்கா."

பேசப் பேச அவள் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. கனிந்து அழுகப்போகிற பழத்தின் வாடை. நான் அவள் இரண்டு தோளையும் பிடித்தேன். சதை என்று பிடிக்க ஒன்றுமே இல்லை, எலும்புதான் கையில் தட்டுப்பட்டது.

"மாயக்கா, சொல்றதைக் கேளு. நீ எளைச்சது மருந்தால இல்ல. ஒன் ஒடம்புல என்னமோ பெரிய வியாதி இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா."

"என்னக்கா வெளையாடுறீக?"

"போன மாசம் நீ தின்னது சூரணமே இல்லடி. வெறும் பொரிகடலை மாவு. நான்தான் கட்டிக் குடுத்தேன். அதைத் தின்னும் நீ கரைஞ்சுதானே போயிருக்கே!"

தராசுக்குப் பக்கத்தில் இருந்த அவர் கையிலிருந்து கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. வாங்க வந்திருந்த இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மாயக்காளின் முகம் மாறியது.

"நீங்களுமாக்கா? தெருவுல எல்லாரும் வயித்தெரிச்சல்ல பேசுறாளுக, 'சீக்காளி மாதிரி இருக்கே'ன்னு. நீங்களும் அப்பிடித்தானா? நான் எம் புருசனோட நல்லா இருக்கது ஒங்களுக்கும் பொறுக்கலையா?"

"அய்யோ, இல்லடி..."

"பொடி குடுக்க இஷ்டமில்லைன்னா குடுக்காதீக. வேற கடையில வாங்கிக்கிறேன்."

விருட்டென்று திரும்பினாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குடம் குடமாக வாந்தி எடுத்தாள். பிறகு அப்படியே படியில் சரிந்துவிட்டாள். கண் பாதி திறந்தபடி இருந்தது. மூச்சு மட்டும் யாரோ துரத்திக்கொண்டு வருகிற மாதிரி இரைந்தது.

"யா அல்லா" என்றார் அவர். முகம் வெளிறிவிட்டது. "இவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பொடிதான்னு சொல்லுவாக அஜ்மல். கடையை நொறுக்கிருவாக."

"நொறுக்கட்டும்! மொதல்ல காலைப் பிடிச்சுத் தூக்குங்க!" என்று நான் போட்ட கத்தலில் சந்தே கூடிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனுசர் பிறகு ஒரு நிமிசம் தயங்கவில்லை. சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்து அவளைத் தூக்கி வைத்துவிட்டு, சிவனாண்டிக்குச் சொல்ல அவரே காளவாசலுக்கு ஓடினார். அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவள் நெஞ்சில் கையை வைத்தபடியே போனேன். மூச்சு ஒரு கணம் நின்றாலும் நான் அங்கேயே செத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான். மாயக்காளின் யூரினை எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்து விளக்கில் காட்டினார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து கட்டி கட்டியாக நின்றது.

"சுகர். முத்திப்போச்சு" என்றார் டாக்டரம்மா. "சாப்பிட்டது எதுவும் உடம்புல சேராம அப்படியே வெளிய போயிருக்கு. அதான் இந்த மெலிவு. இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

பொடி விற்றுக்கொண்டிருந்தோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நரம்பில் மருந்தை ஏற்றினார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்கள். சிவனாண்டி வந்து தலையில் அடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தான். அவனை ஏச வேண்டும் என்று எத்தனையோ நாள் சேர்த்து வைத்திருந்தேன். அவன் அழுததைப் பார்த்ததும் எல்லாம் வற்றிப்போய்விட்டது. மறுநாள் காலையில் மாயக்காள் கண்ணை விழித்து, என்னை அடையாளம் கண்டு, தண்ணீர் கேட்டாள். நான் திரும்பி நின்று முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

சிவனாண்டி டீ வாங்கி வரக் கீழே போயிருந்த நேரத்தில்தான் டாக்டரம்மா நர்ஸோடு வந்தார். அன்பாகத்தான் பேசினார்.

"இனிமே தினமும் ஊசி போட்டுக்கணும்மா. விட்டா உயிருக்கு ஆபத்து. ஒழுங்கா போட்டா ஒரு பயமும் இல்ல. கொஞ்ச மாசத்துல சதை பிடிச்சுப் பழையபடி ஆயிடுவே."

நர்ஸ் கையைப் பிடித்தாள். மாயக்காள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். எனக்கு ஊசி வேணாம்."

"ஏம்மா?"

அவள் சிவனாண்டி போன கதவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை நான் என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். நேற்றுச் சாவு பக்கத்தில் வந்து நின்றபோதுகூட அவள் முகத்தில் அந்தப் பயம் இல்லை. நர்ஸ் திரும்பவும் கையைப் பிடித்தாள். மாயக்காள் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கட்டிலின் மூலைக்கு ஒடுங்கினாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

கட்டிலில் உட்கார்ந்து அவள் காதருகில் குனிந்தேன். "ஊசியைப் போட்டுக்க. சதை ஏறாது."

"டாக்டரம்மா ஏறும்கிறாகளே."

"அவுகளுக்கு நம்ம மருந்தைப் பத்தி என்ன தெரியும்? ஊசி வியாதிக்கு. ஒடம்பு ஏறாம இருக்க நம்ம பொடி இருக்குல்ல. மாசாமாசம் நானே தாரேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "வெறும் பொரிகடலை மாவுன்னீகளேக்கா."

"பொய் சொன்னேன். நீ ஆஸ்பத்திரிக்கு வரணும்னு சும்மா சொன்னேன்."

"சத்தியமா?"

நர்ஸ் ஊசியைப் பிடித்தபடி பொறுமையில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அல்லா மேல சத்தியமா" என்றேன்.

மாயக்காள் கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது கண்ணைக்கூட மூடவில்லை. நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திவிட்டுப் போன பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நல்லா நெறைய இடிச்சுக் குடுங்கக்கா" என்றாள். "ஊசியை விட அது பெலமா இருக்கணும்ல."

"சரிம்மா" என்றேன்.