சுப்பாத்தாள் செலவுப் பொடி

பாலுசாமி பெரியப்பா கட்டைவிரல் நகத்தால் பாக்கெட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். செத்துப்போன அம்மாவைக் கிடத்த இடம் வேண்டுமென்று முன்னறையிலிருந்த அட்டைப்பெட்டிகளைப் புவனா இழுத்தபோது ஒன்று கிழிந்து, ரசத்துக்கான செலவுப் பொடி பாக்கெட்டுகள் வாசல்வரை சிதறிவிட்டன. ஒவ்வொன்றிலும் அம்மாவின் படம். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, நெற்றியில் காசு அகலத்துக்குச் சிவப்புப் பொட்டு.

எவ்வளவு சுரண்டியும் பொட்டு அசையவில்லை.

“தாலியறுத்தவளுக்குப் பொட்டா? எழவுக்கு வர்றவங்க பாத்தா காறித் துப்புவாங்க அம்மணி. எல்லாத்தையும் அடுப்புல போடு” என்றார்.

அம்மாவும் புவனாவுமாக இடித்து, சலித்து, சுப்பாத்தாள் என்று அம்மா பேரிலேயே கடைக்குப் போடலாமென்று துணிந்த சரக்கு அது. அச்சாபீஸில் அம்மாவின் போட்டோவைப் பார்த்துப் படம் வரைந்தவர் நெற்றி வெறிச்சென்றிருக்கிறதே, மங்களகரமாக இருக்கட்டும் என்று தன் பங்குக்குப் பொட்டு வைத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இங்கே குரங்கும் ஆகவில்லை, அம்மா அழகாகிவிட்டாள்.

முந்தாநாள் பாக்கெட்டைக் காட்டவே புவனாவுக்குப் பயம். “ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுப்போடலாமுங்கம்மா” என்றாள்.

அம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். அப்பா போனபிறகு அவள் கண்ணாடி பார்த்தே புவனா கண்டதில்லை.

“எதுக்கு மறைக்கோணும்? நல்லாத்தான இருக்குறேன்?”

ஆனாலும் ஊர் வாய்க்குப் பயந்து, எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அச்சாபீஸுக்குப் போன் போட்டு ஸ்டிக்கருக்குச் சொல்லிவைத்திருந்தாள் புவனா. இன்று விடியலில் அம்மா எழுந்திருக்கவில்லை.

முதல் ஆர்டர் கொடுத்த சூலூர் மளிகைக்காரர் வேலுமணி மாலையோடு வந்தார். சிதறிக்கிடந்த பாக்கெட்டைக் குனிந்து எடுத்தவர் தயங்கினார்.

“காரியமெல்லாம் முடிஞ்சு அனுப்புனாப் போதுமுங்க. ஏனுங்க, இந்தப் பொட்டை மறைச்சுத்தான வரும்?”

பெரியப்பா புவனாவையே பார்த்தார். இப்போது தலையாட்டிவிட்டால் அம்மாவை மறுபடி வெறும் நெற்றியாக்கி அனுப்புவது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

“இல்லீங்க. அப்படியேதான் வரும். நல்லா இருக்குறேன்னு எங்கம்மாவே சொல்லிப்போட்டுப் போயிருக்காங்க.”

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அவர் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கி, முந்தானையால் துடைத்து, அம்மாவின் தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, சொல்லக் கூச்சமாக, ஒரு சந்தோஷமும் வந்தது.

ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் காறித் துப்பவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார்.

அவருடைய தங்கை ராசாத்தாள் அத்தை, கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வெள்ளை கட்டியவள், தலைமாட்டுப் பக்கம் நகர்ந்து வந்தாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் புவனாவின் காதருகே குனிந்தாள்.

“ஏங்கண்ணு, எங்கிட்டயும் ஒரு போட்டோ இருக்குது. அந்த அச்சாபீஸ் எங்க இருக்குது?”